பிளஸ் டூ உயிரியல் முடித்தவர் வனத்துறை வேலைக்கு வரலாமா?

தாராளமாக வரலாம். வேலை எப்படி இருக்கும், எப்படிச் சேருவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் வனக்காப்பாளராகச் சேர்ந்து, அதற்கு மேல்பதவியான வனவராக ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன்.

யானை, புலியை நினைத்து வருபவர்கள் அதிகம். ஏற்காட்டில் காபித் தோட்டத்துக்குள் வரும் காட்டுமாடுதான் அடிக்கடி கண்ணில் படும். எங்களைப் பிழிந்தெடுப்பது மாசி முதல் சித்திரை வரை வரும் தீ. மலைப்பாதை ஓரச் சரிவுகளில் புல்லும் சருகும் காய்ந்து கிடக்கும்போது அணைக்காமல் வீசிய ஒரு பீடித் துண்டு போதும். தீ மேட்டை நோக்கித்தான் வேகமாக ஏறும், ஏனென்றால் அதன் அனலே மேலே உள்ள புல்லைச் சூடாக்கி வைத்துவிடும். அதனால் தீக்கு மேல்பக்கம் நிற்கவே கூடாது. பக்கவாட்டில் நின்று பச்சைத் தழையால் அடித்துக்கொண்டே போக வேண்டும். அந்தச் சரிவுக்குத் தண்ணீர் வண்டி வராது. இதற்காகத்தான் கோடைக்கு முன்பே சருகை அகற்றி, மண் தெரியத் தீத்தடுப்புக் கோடு போடுகிறோம்.

புகையை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் மாடு மேய்க்கிறவர். ஒரு விறகுக்கட்டுக்காக அவரை மிரட்டிய காப்பாளருக்கு அவர் போன் செய்வாரா? இந்த வேலையில் நான் மிக முக்கியமாக நினைப்பது ஊர் மக்களோடு உள்ள இந்த உறவைத்தான். இந்த மலையில் வாழும் மலையாளி என்ற பழங்குடி மக்களின் (கேரளத்தவர் அல்ல) ஊர்களுக்குப் போனால் உட்கார்ந்து பேசுங்கள். 2006 வன உரிமைச் சட்டத்தைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள். தேன், கடுக்காய் மாதிரி சிறு வனப்பொருள் சேகரிப்பது அவர்கள் உரிமை. அது தெரியாமல் சீருடை போடுவது தப்பு.

மற்றபடி இரவு ரோந்து, சந்தனமரத் திருட்டு வழக்கு, கோர்ட் என்று ஓடும். ஏற்காட்டில் சொந்த நிலத்து மரத்தை வெட்டவும் 1955 மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். அதற்கும் நேரில் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும்.

சரி, சேருவது எப்படி? வனக்காப்பாளர், அதற்குக் கீழ்நிலையான வனக்காவலர் பணியிடங்கள் 2024 முதல் டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வில் வருகின்றன. காப்பாளருக்கு உங்கள் படிப்பு போதும். எழுத்துத் தேர்வோடு நடைத் தேர்வும் உண்டு. ஆண்கள் 4 மணி நேரத்தில் 25 கிலோமீட்டர், பெண்கள் 16 கிலோமீட்டர் நடக்க வேண்டும். இன்றைக்கே நடக்கத் தொடங்குங்கள். வசதி இருந்தால் மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் 4 வருட வனவியல் பட்டம் படிப்பதையே நான் சொல்வேன். வனவருக்கும் மேலான வனச்சரகர் ஆகும் வழிக்கு அது பெரிய பலம். அரசு வேலை தள்ளிப்போனாலும் மரம் வளர்க்கும் காகித ஆலைகள் பக்கம் போகலாம்.

அப்புறம், கோடையில் ஊர்த் திருவிழாவுக்கு லீவு கிடைப்பது கஷ்டம். அதை வீட்டில் இப்போதே சொல்லிவிடுங்கள்.