வெள்ளிக் கோளோட ஒரு நாள் 243ஆ 117ஆ?

சகோ, உங்க பொண்ணோட ஸ்கூல் சார்ட்டுக்கு ஒரு இடத்துல 243 நாள்னும் இன்னொரு இடத்துல 117 நாள்னும் இருக்கு, எதை எழுதறதுன்னு கேட்டிருந்தீங்க. ரெண்டுமே சரிதான், அழிக்க வேணாம்.

243ங்கறது வெள்ளி தன்னைத்தானே ஒரு தடவை முழுசா சுத்த ஆகுற நேரம், நம்ம பூமி நாள் கணக்குல. 117 வந்து அங்க நின்னு பாத்தா ஒரு சூரிய உதயத்துக்கும் அடுத்த உதயத்துக்கும் நடுவுல ஆகுற நேரம். ஏன் இவ்ளோ வித்தியாசம்னா வெள்ளி பூமிக்கு எதிர்த்திசையில தன்னைத்தானே சுத்துது, அதே சமயம் 225 நாள்ல சூரியனையும் சுத்தி வந்துடுது, இந்த ரெண்டு நகர்வும் சேர்ந்துக்கறதால சூரியன் சீக்கிரமே திரும்ப வந்துடும், அதுவும் மேற்குலதான் உதிக்கும்! எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இது, சார்ட்டுல கண்டிப்பா போடுங்க. மேகம் எப்பவும் மூடியே இருக்கறதால 1960கள்ல ரேடார் அலை அனுப்பித்தான் இந்தச் சுழற்சியையே கண்டுபிடிச்சாங்க.

அப்புறம், அதிக வெப்பமான கோள்னு புதனை எழுதியிருக்கீங்க, அதை மாத்திடுங்க. வெள்ளிதான், சுமார் 465 டிகிரி செல்சியஸ், காத்துல 96 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு இருக்கறதால சூடு வெளிய போக மாட்டேங்குது.