தோகாவில் ஆறு மணி நேரம்

ஐயா, வணக்கம். மகன் எங்கள் இருவருக்கும் சென்னை–தோகா–சிகாகோ பிசினஸ் கிளாஸ் டிக்கெட் போட்டிருக்கிறான், கத்தார் ஏர்வேஸில். தோகாவில் ஆறு மணி நேரம் இருக்க வேண்டும். அங்கே லவுஞ்ச் (பயணிகள் ஓய்வுக்கூடம்) உண்டாம். காசு கேட்பார்களா? சைவம் கிடைக்குமா? நான் இன்சுலின் போடுகிறவன். வீட்டில் அவளுக்கு மூட்டு வலி, வீல்சேர் சொல்லியிருக்கிறோம்.
— ஒரு வாசகர், குடியாத்தம்

அன்புள்ள ஐயா,

முதலில் மகனிடம் டிக்கெட்டின் கட்டண வகையைக் கேளுங்கள். பிசினஸ் கிளாஸிலேயே மலிவான வகையில் லவுஞ்ச் சேராமல் இருக்கும். வாசலில் தெரிந்தால் மனம் நோகும். சேர்ந்திருந்தால் உள்ளே சாப்பாடு, குளியல், இருக்கை எதற்கும் காசு கிடையாது. சிகாகோ விமானத்தின் போர்டிங் பாஸைக் காட்டினால் போதும். அதனால் சென்னையிலேயே இரண்டு போர்டிங் பாஸையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

லவுஞ்சின் பெயர் அல் முர்ஜான். கடைகளுக்கு நடுவே ஆளுயரத்தைப்போல் பல மடங்கு பெரிய மஞ்சள் கரடி, தலையில் விளக்கோடு உட்கார்ந்திருக்கும். அதன் பக்கத்திலிருந்து மேலே போக வேண்டும். இங்கே ஒரு சிக்கல் வரும். வீல்சேர் தள்ளுகிறவர் உதவி தேவைப்படுவோருக்கான பொது இடத்தில் இறக்கிவிட்டுப் போய்விடலாம். “அல் முர்ஜான்” என்று முதலிலேயே சொல்லுங்கள். திரும்ப எத்தனை மணிக்கு வருவார் என்று கேட்டு, லவுஞ்ச் வரவேற்பிலும் சொல்லி வையுங்கள். இதை விட்டுவிட்டால் கடைசி நேரத்தில் அம்மாவை நடக்க வைக்கும்படி ஆகும்.

குடியாத்தத்திலிருந்து ராத்திரி கிளம்பி, அதிகாலை விமானம் ஏறினால் தூக்கமே இருந்திருக்காது. ஆகவே போனதும் குளியலுக்குப் பெயர் கொடுங்கள். கூட்ட நேரத்தில் காத்திருக்க வேண்டிவரும். துண்டு, சோப்பு அங்கேயே தருவார்கள். மாற்றுத்துணியைக் கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டி சிகாகோவில்தான் கைக்கு வரும்.

சைவம் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் சூப், சாதம் இரண்டையும் கேட்காமல் எடுக்காதீர்கள், கோழிச்சாறு சேர்ந்திருக்கலாம். சாப்பாட்டு நேர ஊசியைத் தட்டு முன்னால் வந்த பிறகு போடுங்கள். போட்டுவிட்டு வரிசையில் நின்றால் சர்க்கரை இறங்கிவிடும். தோகா நேரம் நமக்கு 2.30 மணி பின்னால், சிகாகோ இன்னும் பின்னால். நீண்ட நேர இன்சுலினை எப்போது போடுவது என்று டாக்டரிடம் இந்திய நேரத்திலேயே எழுதி வாங்குங்கள். மருந்தைப் பெரிய பெட்டியில் போடவே கூடாது, விமானத்தின் அடிப்பகுதிக் குளிரில் உறைந்து கெட்டுவிடலாம். மருந்துச் சீட்டும் கைப்பையில் இருக்கட்டும். தோகாவில் மறுபடி சோதனை உண்டு; தயிர், ஊறுகாய் திரவக் கணக்கில் போகும், 100 மில்லிக்கு மேல் எடுத்துவிடுவார்கள். எலுமிச்சை சாதத்துக்குத் தொல்லையில்லை.

விமான நேரத்தை லவுஞ்சில் கூவி அறிவிப்பார்கள் என்று நம்பாதீர்கள். கேட் நம்பரைப் பலகையில் அரைமணிக்கொருமுறை பாருங்கள், மாறும். அமெரிக்க விமானத்துக்குக் கேட்டிலேயே இன்னொரு சோதனை நடக்கலாம். புறப்பாட்டுக்கு 20 நிமிடம் முன்பே கேட்டை மூடிவிடுவார்கள். அம்மா வீல்சேரில் வருவதால் ஒன்றரை மணி நேரம் முன்பே கிளம்பிவிடுங்கள்.

லவுஞ்சிலிருந்து ஆப்பிள், ஆரஞ்சு எடுத்துப் பையில் போட்டுக்கொள்ள வேண்டாம். சிகாகோ சுங்கத்தில் சொல்லாமல் கொண்டுபோனால் அபராதம் விழும்.