மஞ்சள் வேகும் இடத்தில் ஒரு தமிழ்ப் பாடம்

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் நான்காம் வகுப்பு ஆசிரியர் நான். பிள்ளைகளே கேள்வி கேட்டு, தேடிக் கற்கும்படி நடத்த ஆசை. ஆனால் வாசிப்பு, எழுத்துக்கான கற்றல் விளைவுகளையும் (இந்த வகுப்பில் பிள்ளைக்கு இன்னின்ன தெரிந்திருக்க வேண்டும் என்ற பட்டியல்) எட்ட வேண்டுமே! இரண்டுக்கும் நேரம் போதவில்லை.

பதில்: இரண்டையும் தனித்தனியாக நடத்தினால் யாருக்கும் நேரம் போதாதுங்க. எழுதாமல், வாசிக்காமல் தேடல் நகரவே முடியாதபடி அமைத்துவிடுங்கள்.

தை, மாசியில் உங்கள் பக்கம் மஞ்சள் வெட்டு நடக்கும். "மஞ்சளை எதுக்கு வேக வெக்கறாங்க?" என்று ஒரு பிள்ளை கேட்டால் உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். கேள்வியைக் கரும்பலகையில் எழுதுங்கள். ஆளுக்கொரு ஊகத்தை நோட்டில் எழுதட்டும். அப்புறம், வீட்டில் யாரிடம் என்ன கேட்பது என்று பட்டியல் போடட்டும். ஏன், எப்படி, எத்தனை நாள் என்று வினாச்சொற்கள் தானாக வந்து விழும்.

மறுநாள் வரும் பதில்கள்தான் பொக்கிஷம். "வேவிச்சாத்தான் சுருக்கா காயும்னு அம்மிச்சி சொன்னாங்க" என்று ஒருத்தி எழுதி வருவாள் (அம்மிச்சி என்றால் அம்மாவின் அம்மா). அதைத் திருத்தாதீர்கள்; அப்படியே பலகையில் எழுதி, "இதைப் புத்தகத்தில் எப்படி எழுதுவார்கள்?" என்று கேளுங்கள். "வேகவைத்தால்தான் விரைவில் காயும் என்று அம்மிச்சி சொன்னார்" என்று வகுப்பே சேர்ந்து மாற்றும். பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழாக்கும் பயிற்சிக்கு இதைவிட நல்ல வாக்கியம் கிடைக்காது. அம்மிச்சி என்ற சொல் மட்டும் அப்படியே இருக்கட்டும்.

அடுத்து, வேகவைத்தால் மஞ்சள் முளைக்காது, பச்சை வாடை போகும், நிறம் சீராகப் பரவும் என்ற செய்திகளைப் பத்து வரியில் எழுதிக் கொடுங்கள். தங்கள் ஊகம் சரியா என்று பார்க்கவே பிள்ளைகள் அதை வாசிப்பார்கள். நன்கு காய்ந்த விரலி மஞ்சளை ஒடித்து, அந்தச் சத்தத்தைக் கேட்டு, உள்நிறத்தைப் பார்த்து இரண்டு வரி எழுதட்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு நிலையில், அதாவது தொடக்க நிலையில், இருக்கும் பிள்ளைக்குத் தேடல் மட்டும் எழுத்தைக் கற்றுத் தராது. அவர்களுக்கு எழுத்துப் பயிற்சியைத் தினமும் தனியாகக் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் தேடலிலிருந்து அவர்களை ஒதுக்கிவிடாதீர்கள். அவர்கள் வாயால் சொல்ல, நன்கு எழுதப் படிக்கத் தெரிந்த மலர் நிலைப் பிள்ளை எழுதட்டும். 'மஞ்சள்' என்ற சொல்லை அவர்களே படித்துக் காட்டட்டும்.

பதிவுக்குத் தனி நோட்டு வேண்டாம். முதல் ஊகத்தையும் கடைசியில் எழுதிய பத்தியையும் தேதி போட்டு, பக்கத்தில் அந்தந்தக் கற்றல் விளைவின் எண்ணைக் குறித்தால் போதும். முதலில் மாதம் ஒரு கேள்வி என்று தொடங்குங்கள்.