படிச்சுக்கிட்டே இருக்கேன், எழுத மட்டும் முடியலயே, என்ன பண்றது?

சிறுகதை எழுத ஆசை, ஆனா படிக்கிறதும் யூடியூப் பாக்குறதுமாவே நாள் போயிடுதுன்னு கேட்டிருக்கீங்க, எனக்கும் ரெண்டு வருஷம் இதே கதிதான். படிக்கிறத விட வேணாம்ங்க, வரிசைய மாத்துங்க. காலைல எந்திரிச்சதும் ஃபோனைத் தொடாம அரை மணி நேரம் எழுதிடுங்க, அடுத்தவங்க வரி மண்டைக்குள்ள ஓட ஆரம்பிச்சா நம்ம குரல் அமுங்கிடும்.

இன்னொண்ணு, படிக்கிறதையே பயிற்சியா மாத்தலாம். அமெரிக்க எழுத்தாளரும் தலைவருமான பெஞ்சமின் ஃபிராங்க்ளின் சின்ன வயசுல பாஸ்டன்ல அண்ணனோட அச்சகத்துல தொழில் கத்துக்கிட்டிருந்தப்ப, லண்டன் பத்திரிகைக் கட்டுரை ஒண்ண எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் சின்னக் குறிப்பு மட்டும் எழுதி வச்சுட்டு, சில நாள் கழிச்சு மூலத்தப் பாக்காம சொந்த வார்த்தைல முழுசா எழுதுவார், அப்புறம் ரெண்டையும் பக்கத்துல வச்சு தப்பத் திருத்துவார். அதுவும் ராத்திரி வேலை முடிஞ்சப்புறம், இல்ல காலைல வேலை தொடங்குறதுக்கு முன்னாடி!

நானும் படிச்ச ஒரு கதையோட டீக்கடை சீன்ல இதப் பண்ணிப் பாத்தேன். குறிப்பு மூணே சொல்லு: பாய்லர், ஈர பெஞ்சு, கடன் நோட்டு. நாலு நாள் கழிச்சு எழுதினப்ப எங்க ஊர் கடைக்காரர் காதுல சொருகியிருக்கிற பென்சில் தானா வந்து உக்காந்துச்சு, அது மூலக்கதைல இல்லவே இல்ல.