காருக்குப் பின்னால் சைக்கிள் ரேக்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

கோடை வந்ததும் வரும் கேள்விகள்தான். புதியவர்களுக்கு மட்டும் ஒரு வரி: ஹிட்ச் என்பது டிரெய்லர் இழுப்பதற்காகக் காரின் அடியில் போல்ட் போட்டுப் பொருத்தும் இரும்புச் சட்டம். பின்பக்கம் திறந்திருக்கும் அதன் சதுரக் குழாய்க்குப் பெயர் ரிசீவர். ரேக்கின் தண்டு அதற்குள் போகும். கேட்பதற்கு முன் காருக்குப் பின்னால் குனிந்து ஹிட்ச்சில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படித்துவிட்டு வாருங்கள். ரிசீவர் ஒன்றேகால் இஞ்சா இரண்டு இஞ்சா, டங் வெயிட், அதாவது அது மேலிருந்து தாங்கும் எடை, எத்தனை பவுண்டு என்பது தெரியாமல் நான் எதுவும் சொல்ல முடியாது.

எடிசன், நியூ ஜெர்சி: ஹோண்டா சிஆர்-வி. எங்களுக்கு இரண்டு, பிள்ளைகளுக்கு இரண்டு என நான்கு சைக்கிள். தொங்கவிடும் ரேக் பாதி விலையில் கிடைக்கிறது. ட்ரே ரேக்குக்கு அவ்வளவு கொடுக்கத்தான் வேண்டுமா?

தொங்கவிடும் ரேக்கில் இரண்டு கைகள் நீட்டிக்கொண்டிருக்கும். சைக்கிளின் மேல் குழாய் அவற்றின் மேல் உட்காரும். பெரியவர்களின் சாதாரண சைக்கிளுக்குச் சரி. பிள்ளைகள் சைக்கிளில் மேல் குழாய் குட்டையாகவும் சாய்ந்தும் இருக்கும். பெண்கள் மாடலில் அந்தக் குழாயே இருக்காது. அதற்கென்று தனியாக ஒரு போலிக் குழாய் வாங்கி மாட்ட வேண்டும். அப்புறம், நெடுஞ்சாலையில் ஒன்றின் பெடல் அடுத்ததன் பெயின்ட்டைச் சுரண்டிக்கொண்டே வரும். நடுவில் பழைய துணியைத் திணித்துக்கொண்டு போகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

பெரும்பாலான ட்ரே ரேக்குகளில் சக்கரங்கள் தட்டில் நிற்கும், ஒரு கொக்கிக் கை முன் டயரை மேலிருந்து அழுத்தும், சைக்கிளின் சட்டத்தை எதுவும் தொடாது. நான் எப்போதும் இதைத்தான் சொல்வேன். ஆனால் உங்களுக்கு நான்கு ட்ரே வேண்டாம். அந்த ரேக்கே நூறு பவுண்டை நெருங்கும். நான்கு சைக்கிளும் சேர்ந்தால் இன்னொரு நூறு. சிஆர்-வி அதிகபட்சம் 1500 பவுண்டு இழுக்கும் வண்டி, டங் வெயிட் அதில் பத்தில் ஒரு பங்குதான். உங்கள் ஹிட்ச் கையேடு ரேக்குக்கு அதையும் பாதியாக்கச் சொல்லவில்லை என்றால் (கீழே சான் ஹோசேக்கான பதிலைப் பாருங்கள்), இரண்டு ட்ரே வாங்கி உங்கள் சைக்கிள்களைப் பின்னால் போடுங்கள். பிள்ளைகளுடையது சின்னச் சக்கரம் என்றால், முன் சக்கரத்தைக் கழற்றி டிக்கியிலேயே படுக்க வைத்துவிடலாம்.

மிசிசாகா: ரேக்கை மாட்டினால் நம்பர் பிளேட் மறைகிறது. பிடிப்பார்களா?

பிடிக்கலாம். ஒன்டாரியோ சட்டப்படி பிளேட் முழுதும் எப்போதும் தெளிவாகத் தெரிய வேண்டும். கட்டண நெடுஞ்சாலையான 407-இல் போகிறவர்கள் இன்னும் கவனம்: காரில் கட்டணக் கருவி இல்லாவிட்டால் அங்கே பில் போடுவதே பிளேட்டைப் படம் பிடித்துத்தான். சைக்கிள் இல்லாதபோது ரேக்கை மேலே மடித்து நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகப் பிளேட்டுக்கு முன்னால்தான் வந்து நிற்கும். வேலைக்குப் போகும் நாளில் கழற்றி வையுங்கள்.

சான் ஹோசே: டொயோட்டா கொரோலா, வெளியில் போட்ட கிளாஸ் 1 ஹிட்ச் (திறன் குறைந்த வகை), ஸ்டிக்கரில் 200 பவுண்டு. இ-பைக் இரண்டு, தலா 65. ரேக் 50. கூட்டினால் 180. எடுத்துக்கொள்ளலாம்தானே?

ஸ்டிக்கரைப் படித்ததற்கு நன்றி. ஆனால் கூடாது.

அந்த 200 டிரெய்லருக்கான எண். சைக்கிள் ரேக், சாமான் தட்டு போன்ற சுமைக்கு டங் வெயிட்டைப் பாதியாக எடுத்துக்கொள்ளச் சொல்லும் ஹிட்ச் கையேடுகள் உண்டு. கிளாஸ் 1, 2 ஹிட்ச்களுக்கு ரேக்கை மேலே இழுத்துப் பிடிக்கும் பட்டையும் கேட்பார்கள். ஆக உங்களுக்கு 100 பவுண்டு. 50 பவுண்டு ரேக்கில் 25 பவுண்டு சாதாரண சைக்கிள் இரண்டு போட்டாலே எல்லையைத் தொட்டுவிடும். இ-பைக் பேட்டரிகளைக் கழற்றிக் காருக்குள் வைத்தால் ஏழெட்டுப் பவுண்டு தலா குறையும். எப்படியும் கழற்றத்தான் வேண்டும், ஆனால் இங்கே அது போதாது.

இன்னொன்று: ஒவ்வொரு ட்ரேயும் எவ்வளவு தாங்கும் என்று ரேக்கிலும் ஒரு எண் உண்டு. குவாட் என்வி 2.0, தூலே டி2 ப்ரோ போன்றவை 60 பவுண்டு வரைதான். உங்கள் 65 அதையும் தாண்டுகிறது.

ஹூஸ்டன்: நான் மெக்கானிக்கல் படித்தவன். 200 என்று எழுதியிருந்தால் 200 தாங்கும். பாதி என்பது வக்கீல்கள் போட்ட கணக்கு அண்ணா.

மெக்கானிக்கல் படித்தவர் என்றால் இன்னும் வசதி, கணக்காகவே பேசுவோம். டிரெய்லரை மாட்டும் உருண்டை, ரிசீவரின் குறுக்கே செருகும் பின் (pin) இருக்கும் இடத்திலிருந்து சுமார் 10 இஞ்ச் தள்ளியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 200 பவுண்டு அங்கே அழுத்தினால் 2000 இஞ்ச்-பவுண்டு திருப்புவிசை. ரேக்கில் முதல் சைக்கிள் பம்பரைத் தாண்டித்தான் நிற்கும், இரண்டாவது அதற்கும் ஓரடி பின்னால். எல்லாவற்றுக்கும் சேர்த்து மையம் 22 இஞ்சில் என்றால், 180 பவுண்டுக்கு 3960. எடை குறைந்தும் முறுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு. இதில் வக்கீல் எங்கே வந்தார்?

டிரெய்லருக்குச் சொந்தமாகச் சக்கரம் இருக்கிறது, குழியில் இறங்கினால் அதன் பெரும்பாரத்தை அதுவே தாங்கிக்கொள்ளும். ரேக்குக்குச் சக்கரம் ஏது? ஒவ்வொரு குழியிலும் மொத்தச் சுமையும் மேலும் கீழும் ஆடி அந்த இரண்டு மூன்று போல்ட்களை இழுக்கிறது.

சியாட்டில்: நான் சிவிக்கில் மூன்று சைக்கிள் தொங்கவிட்டு வருஷக்கணக்கில் மலைக்குப் போய் வருகிறேன். ஒன்றும் ஆகவில்லை.

சரி. ஒருமுறை கீழே படுத்து ஹிட்ச் காரோடு சேரும் இடத்தைப் பாருங்கள். போல்ட் ஓட்டையைச் சுற்றிப் பெயின்ட் வெடித்திருக்கிறதா, தகடு வளைந்து கீழ்நோக்கி இருக்கிறதா, பழுப்பு நிறத்தில் துருக்கோடு வழிந்திருக்கிறதா? இரும்பு ஒரே நாளில் உடையாது, ஆடி ஆடித்தான் களைக்கும். அதனால் 'இதுவரை ஆகவில்லை' என்பதை நான் கணக்கில் எடுப்பதில்லை.

ஹூஸ்டன் மறுபடியும்: திருப்புவிசை சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஹிட்ச் செய்கிறவர்கள் பாதுகாப்புக்கு மேலே விட்டுத்தானே எண் போடுவார்கள்?

விடுவார்கள். அது குழிக்கும் துருவுக்கும் சரியாக முறுக்காத போல்ட்டுக்கும் விட்டது, மூன்றாவது சைக்கிளுக்கு விட்டதல்ல. அதோடு, கார் கம்பெனிகளே இரண்டையும் பிரித்துப் பார்க்கின்றன. டெஸ்லா மாடல் ஒய் கையேட்டில் டிரெய்லர் அழுத்தத்துக்கு ஒரு எண், ரேக் போன்ற சுமைக்கு அதைவிடச் சிறிய எண். கொரோலாவுக்கு டொயோட்டா அமெரிக்காவில் டிரெய்லரே பரிந்துரைப்பதில்லை. இத்துடன் இந்தப் பேச்சை நிறுத்திக்கொள்வோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

சான் ஹோசேக்காரருக்கு: இ-பைக் இரண்டையும் கொண்டுபோயே ஆக வேண்டுமென்றால் இரண்டு இஞ்ச் கிளாஸ் 3 ஹிட்ச் பொருத்தக்கூடிய வண்டி வேண்டும், சியென்னா போல. ரேக்கும் ட்ரேக்கு 70 பவுண்டுக்கு மேல் தாங்குவதாகப் பாருங்கள். ஏற்றுவதற்குச் சாய்தளம் இருந்தால் இடுப்பு தப்பிக்கும். எடை கூடியதைக் காருக்குப் பக்கத்து ட்ரேயில் வையுங்கள்.

அட்லாண்டா: என் ரிசீவர் ஒன்றேகால். ஆஃபரில் இரண்டு இஞ்ச் ரேக் கிடைத்தது. அடாப்டர் போடலாமா?

வேண்டாம். ரிசீவரின் திறன் அடாப்டரால் கூடாது, ரேக் இன்னும் சில இஞ்ச் பின்னால் தள்ளிப்போகும். மேலே போட்ட கணக்கில் 22-க்குப் பதில் 26 போட்டுப் பாருங்கள். நல்ல ரேக்குகள் பலவும் ஒன்றேகால் அளவிலும் வருகின்றன, அதை வாங்குங்கள். அந்த அளவில் மூன்றாவது, நான்காவது ட்ரேயைச் சேர்க்கும் நீட்டிப்பைப் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை.

ஸ்கார்பரோ: அண்ணை, ரேக் புதுசு, ஆனாலும் இடம் வலம் ஆடுது. பழுதா?

பழுதில்லை தம்பி. ரிசீவருக்கும் ரேக் தண்டுக்கும் நடுவே நூலளவு இடைவெளி இருந்தே தீரும். நல்ல ரேக்கில் தண்டின் முனையில் ஒரு ஆப்பு இருக்கும், வெளிப்பக்கக் குமிழைத் திருகினால் அது விரிந்து உள்சுவரை அழுத்தும். அது இல்லாத ரேக் என்றால் வெறும் பின்னுக்குப் பதில் மரை போட்ட பின் வாங்கி இறுக்குங்கள். ரேக்கின் நுனியைப் பிடித்து உலுக்கிப் பாருங்கள்: ரேக் தனியாக ஆடாமல் காரும் சேர்ந்து குலுங்கினால் இறுகிவிட்டது. குமிழ் இறுகினாலும் பின்னைப் போட மறக்கக்கூடாது. முதல் பத்து நிமிட ஓட்டத்துக்குப் பிறகு நிறுத்தி எல்லாப் பட்டையையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

டல்லாஸ்: ஒன்றேகாலுக்கு அடாப்டர்...

இரண்டு கேள்விக்கு மேலே பாருங்கள்.

பாஸ்டன்: என் சைக்கிளுக்குக் கார்பன் சட்டம். எது பாதுகாப்பு?

டயரை மட்டும் பிடிக்கும் ட்ரே. மேல் குழாயைக் கவ்விப் பிடிக்கும் கை உள்ள எதுவும் வேண்டாம், அது ட்ரே ரேக்காக இருந்தாலும். முன் சக்கரத்துக்கு மட்கார்டு இருந்தால் கொக்கிக் கை அதை நசுக்கும். இரண்டு சக்கரங்களையும் வளையமாகப் பிடிக்கும் 1அப் மாதிரியான வடிவத்தைப் பாருங்கள்.

பீனிக்ஸ்: ஆர்வி (உள்ளேயே தங்கும் வீட்டு வண்டி) வாடகைக்கு எடுக்கிறோம். அதன் பின்னால் என் ரேக்கை மாட்டலாமா?

ரேக் கையேட்டில் ஆர்விக்கு அனுமதி என்று எழுதியிருந்தால் மட்டும். பல ரேக்குகளில் கிடையாது. ஆர்வியின் வால் நீளம், காரைவிட அதிகம் துள்ளும்.

சிகாகோ: எந்த ரேக் பெஸ்ட்?

ஹிட்ச் ஸ்டிக்கர்.

ஃப்ரீமான்ட்: வழியில் ஹோட்டலில் தங்குகிறோம். ரேக்கோடு வரும் பூட்டு போதுமா?

சாப்பிடப் போகும் நேரத்துக்குப் போதும். அந்த மெல்லிய கேபிளை வெட்ட கம்பி வெட்டி இருந்தால் ஒரு நிமிடம்கூட ஆகாது. இரவில் சைக்கிளை அறைக்குள் கொண்டுபோங்கள். ரேக்குக்குப் பூட்டும் பின் தனியாக வாங்குங்கள், ரேக்கையே உருவிக்கொண்டு போவார்கள்.

ஒட்டாவா: புகைக்குழாய் ரேக்கின் ஒரு பக்கம் நேராக ஊதுகிறது. டயருக்கு ஆபத்தா? குளிர்காலத்தில் ரேக்கை விட்டுவைக்கலாமா?

ஆபத்துதான். நீண்ட ஓட்டத்தில் டயர் வெந்து வெடிக்கலாம், கார்பன் ரிம் என்றால் பிசினே இளகலாம். சைக்கிளைத் திருப்பி வைப்பது உதவாது, அந்த இடத்தில் வேறொரு சக்கரம் வந்து நிற்கும். புகையைக் கீழே திருப்பிவிடும் தகடு வாங்கிக் குழாய் முனையில் மாட்டுங்கள். குளிர்காலத்தில் விடவே வேண்டாம். சாலையில் தூவும் உப்பு ரிசீவருக்குள் போய்த் தண்டும் குழாயும் துருவால் ஒட்டிக்கொண்டால் வசந்தத்தில் சுத்தியல் எடுத்து அடிக்க வேண்டிவரும். நவம்பருக்குள் கழற்றி, உள்ளே கம்பித் தூரிகை போட்டுத் தேய்த்து, கொஞ்சம் கிரீஸ் தடவி, ரப்பர் மூடியை மாட்டிவிடுங்கள்.