மூட்டைக் காசும் பதினேழு லட்சம் பேரும்

கேள்வி: நடைபாதையில் கிடப்பவர்களுக்குக் காப்பகம், வீடு என்று நம் வரிப்பணத்தைக் கொட்ட வேண்டுமா? செத்துப்போன பிச்சைக்காரரிடம் லட்சக்கணக்கில் பணம் இருந்தது என்று நீங்கள்தானே செய்தி போடுகிறீர்கள்?
– ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: அந்தச் செய்தி உண்மை. 2019 அக்டோபரில் மும்பையில் ரயிலில் அடிபட்டு இறந்த முதியவர் ஒருவரின் குடிசையில் மூட்டை மூட்டையாகச் சில்லறையும், 8 லட்சத்துக்கு மேல் வங்கி வைப்புத்தொகை இருந்ததற்கான ஆவணங்களும் கிடைத்தன. கவனித்தீர்களா, குடிசையில்! அவர் வீடற்றவரே இல்லை. ஆனால் அந்த ஒருவரை வைத்துத்தான் தெருவில் படுத்திருக்கும் எல்லோரையும் எடை போடுகிறோம். 2011 கணக்கெடுப்பில் வீடற்றவர்களாக எண்ணப்பட்டவர்கள் சுமார் 17.7 லட்சம் பேர். அவர்கள் எந்தத் தலைப்புச் செய்தியில் வந்தார்கள்?

பகலில் தூங்குகிறவரைப் படம் எடுத்து, 'வேலை செய்யாமல் உறக்கம்' என்று போட்டுவிடுவது எங்கள் தொழிலில் சுலபம். கோயம்பேட்டில் காய்கறி லாரிகளிலிருந்து சுமை இறக்கும் வேலை நள்ளிரவில் நடக்கிறது. ராத்திரி முழுக்க மூட்டை தூக்கியவர் பகலில்தானே தூங்க முடியும்? பிராட்வே, வால்டாக்ஸ் சாலைப் பக்கம் போய்ப் பாருங்கள். பூ கட்டுகிறார்கள், மீன்பாடி வண்டி மிதிக்கிறார்கள், வீட்டு வேலைக்குப் போகிறார்கள். பாட்டி, மகள், பேத்தி என்று மூன்று தலைமுறையாக அதே நடைபாதையில் வாழும் குடும்பங்கள் உண்டு. பிச்சை எடுப்பதும் வீடில்லாமல் இருப்பதும் ஒன்றல்ல. அதை ஒன்றாக்கி எழுதியது பத்திரிகைகள். அந்தப் பழியில் எங்களுக்கும் பங்கு உண்டு.

இன்னொன்று, இதைவிடக் கொடியது. சாப்பிட அடம்பிடிக்கும் குழந்தையிடம், "பிள்ளை பிடிக்கிறவன்கிட்ட கொடுத்துடுவேன்" என்கிறோம். அழுக்குத் துணி, சடைமுடி, தோளில் சாக்கு என்று அவனுக்கு ஓர் உருவம் கொடுத்தது சினிமா. 2018இல் அந்த உருவம் வாட்ஸ்அப்பில் வதந்தியாகச் சுற்றியது. அந்த மே மாதம் பழவேற்காட்டில், வீடின்றி அலைந்துகொண்டிருந்த ஒருவரைப் பிள்ளை பிடிக்க வந்தவர் என்று சந்தேகித்து அடித்தே கொன்றார்கள். உடலைப் பாலத்தில் தொங்கவிட்டார்கள். அவர் யார், எந்த ஊர் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. பார்த்த மாத்திரத்தில் 'தெரிந்துவிட்டது' அவர்களுக்கு.

சரி, வரிப்பணத்துக்கு வருவோம். பெரிய நகரங்களில் 1 லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம், அதுவும் வருடம் முழுக்க, 24 மணி நேரமும் இயங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் உத்தரவிட்டது. அது சலுகை இல்லை, அவர்களுடைய உரிமை. தீப்பெட்டியிலிருந்து சோப்பு வரை அவர்கள் வாங்கும் பொருளிலும் வரி இருக்கிறது ஐயா, அந்தப் பணம் உங்களுடையது மட்டும் இல்லை.

எங்கள் நிருபர்களிடம் சொல்லியிருக்கிறேன்: தெருவில் தூங்குகிறவரைப் படம் எடுக்காதீர்கள். அவர் எழுந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, ராத்திரி என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேளுங்கள்.