பிரெஞ்சு ஸ்கிராபிள் பெட்டியில் ஆங்கிலம் ஆடலாமா?

வாசகர் கேள்வி – பதில்: சொல் விளையாட்டுகள்

கேள்வி: பிரான்ஸிலிருந்து வந்த பெரியப்பா வீட்டில் பழைய ஸ்கிராபிள் (எழுத்துக் காய்களைப் பலகையில் அடுக்கிச் சொல் அமைக்கும் ஆட்டம்) பெட்டி ஒன்று கிடைத்தது. பிள்ளைகள் அதில் ஆங்கிலம் ஆடுகிறார்கள். ‘ஈ’ வந்து குவிகிறது, ‘ஓ’ கிடைப்பதே அபூர்வம். காய் தொலைந்திருக்குமா?
– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: தொலைந்திருக்க வேண்டியதில்லை. அது பிரெஞ்சு மொழிக்கான பெட்டியாக இருக்கும். க்யூ காயின் மூலையில் மதிப்பெண் 8 என்று இருக்கிறதா பாருங்கள். ஆங்கிலப் பெட்டியில் 10 இருக்கும். பிரெஞ்சில் மொத்தம் 102 காய், அதில் ஈ மட்டும் 15. ஆங்கிலத்தில் 100 காய், ஈ 12. எதுவும் எழுதாத வெற்றுக்காய் இரண்டிலும் 2 தான்.

மாற்றுவது எளிது. ஈ மூன்று, எஸ் இரண்டு, யு இரண்டு, எல் ஒன்று, எம் ஒன்று என 9 காய்களை எடுத்துவிடுங்கள். ஓ இரண்டும், ஐ, ஜி, டபிள்யு, ஒய், நான்காவது எழுத்தான டி ஆகியவற்றில் ஒவ்வொன்றும் சேர்க்க வேண்டும். ஆக 7 காய். எடுத்த ஒன்பதில் ஏழை உப்புத்தாளால் தேய்த்து, அழியாத மார்க்கரால் எழுதிக்கொள்ளலாம். அட்டையில் வெட்டிய காய் வேண்டாம். பைக்குள் கை விட்டதும் விரலுக்குத் தெரிந்துவிடும், பிள்ளைகள் இரண்டே ஆட்டத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அடுத்தது மதிப்பெண். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். ஆறு எழுத்துகளுக்கு மதிப்பு வேறு: எம் 3, டபிள்யு 4, ஒய் 4, கே 5, எக்ஸ் 8, க்யூ 10. காயில் இருப்பதை அப்படியே கூட்டினால் ‘வேக்ஸ்’ (டபிள்யு-ஏ-எக்ஸ்) 21 ஆகிவிடும்; ஆங்கிலக் கணக்கில் அது 13 தான். இந்த ஆறையும் ஒரு சீட்டில் எழுதிப் பலகையோரம் வையுங்கள். பலகையை மாற்ற வேண்டாம், 15க்கு 15 கட்டம்தான். எழுதியிருக்கும் பிரெஞ்சு புரியாவிட்டால் நிறத்தைப் பாருங்கள்: சிவப்பில் சொல்லுக்கு மும்மடங்கு, கருநீலத்தில் எழுத்துக்கு மும்மடங்கு.

கேள்வி: க்யூ வந்தால் யு வரும்வரை வைத்துக்கொண்டு தோற்கிறேன். வழி உண்டா?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: யு மொத்தமே 4. அதற்காகக் காத்திருப்பது வீண். அத்தனை முறையும் ஏழு காய்க்குப் பதில் ஆறு காயோடு ஆடுகிறீர்கள். க்யூ-ஐ என்ற இரண்டெழுத்துச் சொல்லை முதலில் மனதில் பதியுங்கள். சீன மருத்துவத்தில் உயிராற்றலைக் குறிப்பது. ஐ 9 காய் இருப்பதால் பலகையில் எங்காவது அகப்படும். க்யூவை எழுத்து மும்மடங்குக் கட்டத்தில் வைத்து, கிடையாகவும் நெடுக்காகவும் ஒரே நேரத்தில் க்யூ-ஐ அமைந்தால் 31ம் 31ம் சேர்த்து 62.

யு இல்லாத மற்றவை நமக்குப் பழகிய சொற்களே. ஃபக்கீர் (எஃப்-ஏ-க்யூ-ஐ-ஆர்), வக்ஃப் (டபிள்யு-ஏ-க்யூ-எஃப்), குருமா (க்யூ-ஓ-ஆர்-எம்-ஏ) மூன்றும் இந்தியப் போட்டிகளில் பயன்படும் காலின்ஸ் சொற்பட்டியலில் உண்டு. எதுவும் அமையாவிட்டால் மாற்றிவிடுங்கள். ஒரு முறை ஆட்டம் போகும், பையில் குறைந்தது 7 காய் இருக்க வேண்டும்.

க்யூவைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் வி-யைக் கவனிப்பதில்லை. வி சேர்ந்த இரண்டெழுத்துச் சொல் ஒன்றுகூடக் கிடையாது. அதனால் அதை ஒட்டி இணையாகச் சொல் வைக்க முடியாமல் அந்தப் பக்கம் அடைபட்டுப்போகும். முன்னணியில் இருக்கும்போது எதிராளியை மறிக்க அதுவே உதவும்.

கேள்வி: கலைந்த எழுத்துப் புதிரில் ஏழெழுத்து வந்தால் வெறித்துப் பார்த்தபடியே இருக்கிறேன்.
– வாசகர், நெய்வேலி

பதில்: வரிசையாக எழுதியிருப்பதுதான் தடை. கண் அந்த வரிசையையே படிக்கும். எழுத்துகளை வட்டமாக எழுதுங்கள். பிறகு வழக்கமான தொடக்கத்தையோ முடிவையோ பிரித்து வையுங்கள். ஏ, ஈ, ஐ, எம், என், ஆர், எஸ் வந்ததாக வைத்துக்கொள்வோம். ஆர்-ஈ இரண்டையும் முன்னால் நிறுத்தினால் மிச்சத்தில் ‘மெய்ன்ஸ்’ தெரியும், சொல் ‘ரிமெய்ன்ஸ்’. ஏ-ஆரைக் கடைசியில் நிறுத்தினால் ‘செமினார்’. எஸ்ஸை மட்டும் ஒதுக்கினால் ‘மரீன்’, சேர்த்தால் ‘மரீன்ஸ்’.

புதிரில் ஒன்று போதும். ஸ்கிராபிளில் மூன்றும் தெரிந்திருப்பது லாபம். பலகையில் கிடையாக உள்ள ஒரு சொல்லின் வாலில் எஸ் ஒட்ட வேண்டும். இடம் கீழ்ப்பக்கம் இருந்தால் ‘செமினார்’, மேல்பக்கம் இருந்தால் மற்ற இரண்டு. எழுத்துக்கு 9, ஏழு காயும் தீர்ந்ததற்கு 50, ஒட்டிய சொல்லின் மதிப்பு தனி. எஸ் நான்கே காய் என்பதால் ஐந்தாறு புள்ளிக்காக அதைச் செலவழிக்காதீர்கள்.

கேள்வி: வேர்டிலில் (ஐந்தெழுத்துச் சொல்லை ஆறு வாய்ப்பில் கண்டுபிடிக்கும் இணைய ஆட்டம்) ‘லைட்’, ‘நைட்’, ‘ரைட்’ என்று மாட்டிக்கொண்டு ஆறு வாய்ப்பும் தீர்கிறது.
– வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: கடைசி நான்கு எழுத்தும் சரியான இடத்தில் என்று பச்சையாகிவிட்டதும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதுதான் பொறி. முதலெழுத்துக்கு எல், எம், என், ஆர், எஸ், எஃப் என்று வரிசை நிற்கிறது. விடையாக முடியாத சொல்லாயினும் ‘ஸ்நார்ல்’ (எஸ்-என்-ஏ-ஆர்-எல்) போடுங்கள். ஒரே அடியில் நான்கு எழுத்து சோதனையாகிவிடும். ‘ஹார்ட் மோட்’ போட்டிருந்தால் மட்டும் இது செல்லாது, பச்சை எழுத்துகளை விடாமல் பயன்படுத்தியே ஆகவேண்டும்.

கேள்வி: ‘தோசை’ செல்லுமா? ‘கடலூர்’?
– மாணவர், கடலூர் முதுநகர்

பதில்: தோசை செல்லும், ஏ-யில் முடியும் நான்கெழுத்தாக. கடலூர் ஊர்ப்பெயர், செல்லாது. கட்டுமரத்திலிருந்து போன ‘கேட்டமரான்’ செல்லும், ஆனால் அது ஒன்பதெழுத்து. பலகையில் ஏற்கெனவே இரண்டெழுத்தாவது தோதாக இருக்க வேண்டும்.